தேசிய ஆய்வகங்களின் சிற்பி பட்நாகர்: லாகூர் முதல் காரைக்குடி வரை

புதுதில்லி: நாடாளுமன்ற வளாகத்தை ஒட்டிச் செல்லும் ரஃபி மார்க் சாலையில், அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சி கவுன்சிலின் (சி.எஸ்.ஐ.ஆர்.) தலைமையகமான அனுசந்தான் பவன் அமைந்துள்ளது. நாடு முழுவதும் பரவியுள்ள 37 தேசிய ஆய்வகங்களுக்கு இதுவே தலைமையிடம். இவற்றில் முதல் பன்னிரண்டு ஆய்வகங்கள், ஒரு மனிதர் பொறுப்பில் இருந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் உருவானவை. அவர்தான் வேதியியல் விஞ்ஞானி சாந்தி ஸ்வரூப் பட்நாகர்.

ஆண்டுதோறும் வழங்கப்பட்டுவந்த ஒரு விருதின் பெயராகவே பட்நாகரைப் பலரும் அறிவர். ஆனால், அவரது வாழ்க்கை விருதுப் பட்டியல்களில் அடங்கிவிடக் கூடியதன்று. அறிவியல் ஆராய்ச்சிக்குப் பணம் தர வேண்டியவர் யார், அது யாருடைய சிக்கலைத் தீர்க்க வேண்டும், அந்தப் பணம் பல்கலைக்கழகங்களுக்குச் செல்ல வேண்டுமா அல்லது அரசு ஆய்வகங்களுக்குச் செல்ல வேண்டுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அவர் தமது செயலால் விடை சொன்னார். அந்த விடைகளை அவர் காலத்திலேயே நாடாளுமன்றத்தில் எதிர்த்தவர்களும் உண்டு. அந்த விவாதம் இன்னமும் முடிந்தபாடில்லை.

பதினேழு வயதில் ஒரு மின்முனை

ஒன்றுபட்ட பஞ்சாபின் ஷாப்பூர் மாவட்டத்தில், தற்போது பாகிஸ்தானில் உள்ள பேரா என்ற ஊரில் 1894-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் தேதி பட்நாகர் பிறந்தார். அவருக்கு எட்டு மாதமே ஆகியிருந்தபோது தந்தை பரமேஸ்வரி சகாய் காலமானார். தாய்வழிப் பாட்டனார் வீட்டில், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷகர் மாவட்டத்தில் உள்ள சிக்கந்தராபாதில் சிறுவன் வளர்ந்தான். பாட்டனார் ரூர்க்கியில் பயின்ற பொறியாளர். கருவிகளையும் இயந்திரங்களையும் பிரித்துப் பார்க்கும் ஆர்வம் அந்த வீட்டில்தான் பிறந்தது.

1908-இல் லாகூரின் தயாள் சிங் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பட்நாகர், பின்னர் அதே பெயரிலான கல்லூரியில் பயின்றார். 1911-இல், பதினேழு வயதில், அலாகாபாதிலிருந்து வெளிவந்த லீடர் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். மின்கலங்களில் பயன்படும் கரி மின்முனைக்கு மாற்றாக, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகையும் கரிப்பொருளையும் கலந்து, அழுத்தமும் வெப்பமும் தந்து மின்முனை தயாரிக்கலாம் என்பது அதன் சாரம். வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கு உள்நாட்டுக் கழிவிலிருந்து மாற்றுத் தேடும் எண்ணம் அதிலேயே தெரிந்தது. மின்வேதியியலுக்கென்றே தேசிய ஆய்வகம் ஒன்றைப் பின்னாளில் தமிழகத்தில் அமைக்கப் போகிறவரின் முதல் அறிவியல் எழுத்தும் மின்முனையைப் பற்றியதாக அமைந்தது.

அறிவியல் மாணவருக்கு இலக்கிய நாட்டமும் இருந்தது. கல்லூரி நாள்களில் உருது மொழியில் ஓரங்க நாடகம் எழுதினார். உருதுக் கவிதை எழுதும் பழக்கம் இறுதிவரை தொடர்ந்தது. 1946-இல் மனைவி லாஜ்வந்தி மறைந்தபின், அவரது பெயரையே தமது கவிதைத் தொகுப்புக்குச் சூட்டினார்.

லாகூரின் ஃபோர்மன் கிறிஸ்தவக் கல்லூரியில் 1916-இல் இளநிலைப் பட்டமும், 1919-இல் வேதியியலில் முதுநிலைப் பட்டமும் பெற்ற பட்நாகருக்கு, தயாள் சிங் கல்லூரி அறக்கட்டளை வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை அளித்தது. அவர் செல்ல நினைத்தது அமெரிக்காவுக்கு. முதல் உலகப் போர் முடிந்து நாடு திரும்பும் அமெரிக்கப் படை வீரர்களால் கப்பல்கள் நிரம்பியிருந்ததால், லண்டனைத் தாண்டிச் செல்ல இயலவில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியர் ஃபிரெடெரிக் டொனானிடம் மாணவராகச் சேர்ந்தார். எண்ணெயும் நீரும் கலந்த பால்மங்கள், எண்ணெய்களின் பரப்பு இழுவிசை ஆகியவற்றை ஆராய்ந்து 1921-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

காந்தமும் வேதியியலும்

அதே ஆண்டு நாடு திரும்பிய அவரை, மதன் மோகன் மாளவியா நிறுவிய காசி இந்து பல்கலைக்கழகம் பேராசிரியராக ஏற்றுக்கொண்டது. அங்கு மூன்று ஆண்டுகளே இருந்தார். இன்றும் அங்கு பாடப்படும் பல்கலைக்கழகப் பாடலை ஹிந்தியில் இயற்றியவர் இந்த வேதியியல் பேராசிரியர்தான் என்பது பலருக்குத் தெரியாது.

1924-இல் லாகூரின் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராகவும், பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகங்களின் இயக்குநராகவும் பொறுப்பேற்றார். அடுத்த பதினாறு ஆண்டுகள்தான் ஆராய்ச்சியாளர் என்ற முறையில் பட்நாகரின் பொற்காலம். அவர் எடுத்துக்கொண்ட துறை காந்த வேதியியல். உலகிலேயே அப்போது சிலர் மட்டுமே அதில் ஈடுபட்டிருந்தனர்.

காந்தத்தால் இழுக்கப்படாதவை என்று நாம் கருதும் பொருள்களும் உண்மையில் காந்தப் புலத்துக்குக் கட்டுப்பட்டவையே. சில மிக இலேசாக ஈர்க்கப்படுகின்றன. சில மிக இலேசாக விலக்கப்படுகின்றன. அணுவிலும் மூலக்கூறிலும் உள்ள எலக்ட்ரான்கள் இணை சேர்ந்துள்ளனவா, தனித்துள்ளனவா என்பதைப் பொருத்தே இது அமைகிறது. ஆகவே, ஒரு பொருளின் காந்தத் தன்மையை நுட்பமாக அளந்தால், அதனுள் எலக்ட்ரான்கள் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை அறியலாம். இரும்பு துருவாக மாறும்போது அதன் வலுவான காந்த ஈர்ப்பு பெருமளவு குறைந்துவிடுவதை இதற்கு எளிய எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வேதி மாற்றம் காந்த மாற்றமாகவும் வெளிப்படுகிறது.

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான பொருள்களில் இந்த விசை மிகமிகச் சிறியது. அதை அளப்பதற்கென 1928-இல் பட்நாகரும் கே.என். மாத்தூரும் காந்தக் குறுக்கீட்டுத் தராசு ஒன்றை வடிவமைத்தனர். காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட பொருள் மயிரிழைக்கும் குறைவாக நகர்ந்தாலும், ஒளி அலைகளின் குறுக்கீட்டால் உண்டாகும் பட்டைகள் இடம் மாறுவதைக் கொண்டு அந்த நகர்வை அளந்துவிடலாம். 1931-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் கண்காட்சியில் இத்தராசு வைக்கப்பட்டது. லண்டனைச் சேர்ந்த ஆடம் ஹில்கர் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. இந்தியர் வடிவமைத்த கருவியை ஆங்கிலேய நிறுவனம் தயாரித்து விற்றது அக்காலத்தில் அரிய நிகழ்வு.

1935-இல் பட்நாகரும் மாத்தூரும் இணைந்து எழுதிய காந்த வேதியியல் நூலை மேக்மில்லன் நிறுவனம் வெளியிட்டது. இத்துறையில் ஆங்கிலத்தில் வெளிவந்த தொடக்க கால நூல்களில் அது குறிப்பிடத்தக்கது.

சேற்றில் கிடைத்த ஒன்றரை லட்சம்

லாகூரில் பட்நாகரின் மற்றொரு முகமும் வெளிப்பட்டது. தொழிற்சாலைகள் கொண்டுவரும் சிக்கல்களை அவர் தட்டிக் கழிக்கவில்லை. கரும்புச் சக்கையை மாட்டுத் தீவனக் கட்டிகளாக மாற்றும் முயற்சியில் பஞ்சாபின் புகழ்பெற்ற பொறியாளரான சர் கங்கா ராமுக்கு உதவினார். தில்லி, கான்பூர், லயால்பூர், மும்பை எனப் பல இடங்களின் ஆலை முதலாளிகள் அவரது ஆய்வகத்தை நாடி வந்தனர்.

இவற்றில் பெரிதும் பேசப்பட்டது எண்ணெய்க் கிணற்றுச் சேறு பற்றிய சிக்கல். ராவல்பிண்டி அருகே அட்டக் எண்ணெய் நிறுவனம் கிணறு தோண்டியபோது, துளையிடும் பணிக்கு உதவும் சேறு, பூமிக்கடியில் உள்ள உப்புப் படிவங்களைத் தொட்டதும் இறுகிக் கெட்டியானது. மேற்கொண்டு துளைக்க இயலவில்லை. பொறியாளர்கள் இயந்திரத்தில் குறை தேடினர். லண்டனில் பால்மங்களையும் கூழ்மங்களையும் ஆராய்ந்திருந்த பட்நாகருக்கு, இது இயந்திரக் கோளாறு அன்று என்பது புரிந்தது. நீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்கள் உப்பினால் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. அவற்றைத் தனித்தனியே மிதக்க வைக்கும் பொருளைச் சேர்த்தால் போதும். அவர் தேர்ந்தெடுத்தது இந்திய மரப் பிசின். சிக்கல் தீர்ந்தது.

மகிழ்ந்துபோன அந்த நிறுவனத்தின் உரிமையாளர்களான லண்டன் ஸ்டீல் பிரதர்ஸ், பெட்ரோலிய ஆராய்ச்சிக்காக ரூ. 1.5 லட்சம் தர முன்வந்தனர். அக்காலத்தில் அது பெருந்தொகை. அதைத் தம்மிடம் தர வேண்டாம், பல்கலைக்கழகத்திடம் தாருங்கள் என்று பட்நாகர் கேட்டுக்கொண்டார். அதைக் கொண்டு பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பெட்ரோலிய ஆராய்ச்சித் துறை உருவானது. பின்னர் தொகை ரூ. 2.5 லட்சமாகவும், காலம் ஐந்து ஆண்டுகளிலிருந்து பத்து ஆண்டுகளாகவும் உயர்த்தப்பட்டன. மெழுகின் வாடையை நீக்குவது, மண்ணெண்ணெய் விளக்கின் சுடரை உயர்த்துவது போன்ற ஆய்வுகள் அங்கு நடந்தன.

இதைக் கேள்வியுற்ற இயற்பியல் விஞ்ஞானி மேகநாத் சாஹா, பொதுமக்கள் பார்வையில் பல்கலைக்கழக ஆசிரியர்களின் மதிப்பை உயர்த்திவிட்டதாகப் பாராட்டி 1934-இல் கடிதம் எழுதினார். இதே சாஹாதான் பின்னாளில் பட்நாகரின் வழிமுறையை எதிர்த்து நின்ற முக்கிய குரலாக மாறினார் என்பது இந்திய அறிவியலின் அரசியலைப் புரிந்துகொள்ள உதவும் செய்தி.

முதலியாரின் அழைப்பு

1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டதும், ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த வேதிப்பொருள்களும் இயந்திரங்களும் தடைபட்டன. போருக்குத் தேவையானவற்றை இந்தியாவிலேயே தயாரிக்க வேண்டிய நெருக்கடி பிரிட்டிஷ் அரசுக்கு ஏற்பட்டது. அப்போது வைஸ்ராயின் நிர்வாக சபையில் வர்த்தகத் துறை உறுப்பினராக இருந்தவர், நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான சர் ஆற்காடு ராமசாமி முதலியார். அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக்கென ஒரு வாரியம் தேவை என்று அரசை வலியுறுத்தி இணங்கச் செய்தவர் அவரே. 1940 ஏப்ரலில் வாரியம் உருவானது. முதலியார் அதன் தலைவரானார். அதை நடத்துவதற்கு லாகூரிலிருந்து பட்நாகர் அழைக்கப்பட்டார்.

வாரியத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் ஒதுக்கப்பட்டது. கொல்கத்தாவின் அலிப்பூரில் பணி தொடங்கியது. நச்சுவாயு ஊடுருவாத துணி, பலுசிஸ்தான் கந்தகத்தைத் தூய்மைப்படுத்துதல், தாவர எண்ணெய்களிலிருந்து மசகெண்ணெய், தீயணைப்புக் கலவைகள் எனப் போர்க்காலத் தேவைகளை ஒட்டியே ஆய்வுகள் அமைந்தன.

இதைவிட முக்கியமானது, நிதிக்கு நிரந்தர வழி காண இருவரும் மேற்கொண்ட முயற்சி. ஆண்டுக்கு ரூ. 10 லட்சம் வீதம் ஐந்து ஆண்டுகளுக்குத் தொழில் ஆராய்ச்சி நிதி ஒன்றை ஏற்படுத்தும் தீர்மானத்தை முதலியார் மத்திய சட்டசபையில் கொண்டுவந்தார். 1941 நவம்பரில் அது ஏற்கப்பட்டது. இன்று சம்விதான் சதன் என்று பெயர் மாற்றம் பெற்றுள்ள பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில்தான் அது நிறைவேறியது. 1942 செப்டம்பர் 26-ஆம் தேதி, சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சி.எஸ்.ஐ.ஆர். தன்னாட்சி அமைப்பாகச் செயல்படத் தொடங்கியது. அரசுத் துறையாக இல்லாமல் சங்கமாகப் பதிவு செய்ததற்குக் காரணம் உண்டு. அரசு அலுவலக விதிகளுக்குள் சிக்கினால் ஆராய்ச்சி நடக்காது என்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படை.

பட்நாகருக்கு 1941-இல் பிரிட்டிஷ் அரசு சர் பட்டம் வழங்கியது. 1943-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வு பெற்றார். காங்கிரஸ் தலைவர்கள் சிறையில் இருந்த காலத்தில் ஏகாதிபத்தியத்தின் போர் முயற்சிக்குத் துணை நின்றவர் என்ற விமர்சனத்துக்கு இடமளித்த ஆண்டுகள் அவை. ஆயினும், போருக்கென ஒதுக்கப்பட்ட பணத்தையும் அதிகாரத்தையும் கொண்டே சுதந்திர இந்தியாவுக்கான ஆய்வகங்களுக்கு அவர் திட்டமிட்டார். 1943-இல் ஐந்து தேசிய ஆய்வகங்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. அரசு ரூ. 1 கோடி ஒதுக்கியது. வேதியியல், உலோகவியல், எரிபொருள் ஆய்வகங்களுக்கென டாடா நிறுவனம் ரூ. 20 லட்சம் அளித்தது.

நேருவின் துணை

1947 பிரிவினையில் பேராவும் லாகூரும் பாகிஸ்தானுக்குச் சென்றன. பட்நாகர் பதினாறு ஆண்டுகள் வளர்த்த ஆய்வகமும் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. அந்த ஆண்டில் சி.எஸ்.ஐ.ஆர். தலைவர் பொறுப்பைப் பிரதமர் ஜவாஹர்லால் நேரு தம்மிடமே வைத்துக்கொண்டார். பிரதமரே அதன் தலைவர் என்ற மரபு இன்றும் தொடர்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் சர் பட்டம் பெற்றவரை ஒதுக்காமல், நேரு அவரையே நம்பினார்.

அதன்பின் ஆய்வகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. 1950 ஜனவரியில் புணேயில் தேசிய வேதியியல் ஆய்வகம், அதே மாதம் தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம், ஏப்ரலில் தன்பாத் அருகே எரிபொருள் ஆராய்ச்சி நிலையம், அக்டோபரில் மைசூரில் உணவுத் தொழில்நுட்ப நிலையம், நவம்பரில் ஜாம்ஷெட்பூரில் தேசிய உலோகவியல் ஆய்வகம், 1951-இல் லக்னௌவில் மருந்து ஆராய்ச்சி நிலையம் எனப் பட்டியல் நீண்டது. சென்னை அடையாறில் தோல் ஆராய்ச்சி நிலையமும் இக்காலத்தில் உருவானதே. தில்லி இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக, விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் அமர்ந்தார்.

பட்நாகரின் உத்தி எளிமையானது. மத்திய அரசிடம் பணம் வரும்வரை காத்திராமல், மன்னர்களிடமும் மாநில அரசுகளிடமும் தொழிலதிபர்களிடமும் நிலமும் கட்டடமும் கேட்டுப் பெற்றார். மைசூரில் செலுவாம்பா மாளிகையும், லக்னௌவில் சத்தர் மன்ஸில் அரண்மனையும் அவ்வாறே ஆய்வகங்களாயின.

காரைக்குடியில் துருவுக்கு எதிரான போர்

தமிழகத்தில் இந்த உத்திக்குக் கிடைத்த சான்று காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் ரூ. 15 லட்சமும் வழங்கினார். 1948 ஜூலை 25-ஆம் தேதி நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ஆம் தேதி அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் எஸ். ராதாகிருஷ்ணன், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்துவைத்தார். இன்று சிக்ரி என்று அப்பகுதி மக்களால் அழைக்கப்படும் நிலையம் இதுவே.

மின்கலம், அலுமினியம், காஸ்டிக் சோடா, மின்முலாம் ஆகியவற்றோடு, இந்நிலையத்தின் முக்கியப் பணிகளில் ஒன்றாக அமைந்தது உலோக அரிமானம் குறித்த ஆராய்ச்சி. துருப்பிடித்தல் வெறும் அழுக்குப் படிதல் அன்று. அது ஒரு மின்வேதி நிகழ்வு. ஈரம் பட்ட இரும்பின் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுக் கரைகின்றன. வேறோர் இடத்தில் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அந்த எலக்ட்ரான்களை ஏற்றுக்கொள்கிறது. இரண்டு இடங்களுக்கும் இடையே மின்னோட்டம் பாய்கிறது. துருப்பிடிக்கும் ஒவ்வொரு கம்பியும் சிறியதொரு மின்கலமே. நீரில் உப்பு கலந்திருந்தால் மின்னோட்டம் எளிதாகிறது, அழிவும் விரைவாகிறது.

ஆகவே, அதைத் தடுக்கும் வழிகளும் மின்வேதியியலில்தான் உள்ளன. பூச்சு கொடுத்து ஈரத்தை விலக்கலாம். இரும்புக்கு முன்னதாகத் தான் கரைந்து அதைக் காக்கும் துத்தநாகத்தை இணைக்கலாம். வெளியிலிருந்து சிறிதளவு மின்சாரம் செலுத்தி இரும்பின் கரைதலை நிறுத்தலாம். அந்நியச் செலாவணி அரிதாக இருந்த அந்நாளில், ரயில் பாலங்கள், துறைமுகங்கள், குழாய்கள், கப்பல்கள் ஆகியவற்றின் ஆயுளை நீட்டிப்பது புதிய உருக்காலை கட்டுவதற்கு நிகரான தேவையாக இருந்தது. தாதுவிலிருந்து உலோகம் எடுப்பதை ஜாம்ஷெட்பூரும், எடுத்த உலோகத்தைக் காப்பதைக் காரைக்குடியும் கவனிக்கும் ஏற்பாடாகவே இதைக் கொள்ளலாம்.

மண்டபம் கடற்கரையில் சிக்ரி அமைத்த அரிமானச் சோதனை நிலையத்தில், உலோகத் தகடுகள் உப்புக் காற்றில் வைக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கப்படுகின்றன. அதன் அருகில் உள்ள பாம்பன் ரயில் பாலமே இந்த ஆய்வின் அவசியத்துக்குச் சாட்சி. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் தூக்குப் பகுதியை அரிமானம் கடுமையாகப் பாதித்ததால், 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்படும்வரை, ராமேசுவரம் தீவுக்கு ரயில் இல்லை.

மக்களவையில் எழுந்த எதிர்ப்பு

ஆய்வகங்களோடு பட்நாகரின் பொறுப்பு முடியவில்லை. கல்வி அமைச்சகச் செயலர், இயற்கை வளங்கள் மற்றும் அறிவியல் ஆராய்ச்சித் துறைச் செயலர் ஆகிய பதவிகளையும் வகித்தார். 1948 ஆகஸ்டில் அமைக்கப்பட்ட அணுசக்தி ஆணையத்தில் ஹோமி பாபா, கே.எஸ். கிருஷ்ணன் ஆகியோருடன் அவரும் இடம்பெற்றார். அன்றைய திருவிதாங்கூர்க் கடற்கரையின் மோனசைட் மணலிலிருந்து அரிய தனிமங்களைப் பிரிக்க 1950-இல் இந்திய அரிய மணல் நிறுவனம் தொடங்கப்பட்டதிலும் அவருக்குப் பங்கு உண்டு. மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் அமைக்க அந்நிய நிறுவனங்களுடன் நடந்த பேச்சுவார்த்தையிலும் அரசின் சார்பில் அவர் ஈடுபட்டார். 25 ஆண்டுகளுக்குத் தேசியமயமாக்குவதில்லை என்ற உறுதிமொழி அந்த ஒப்பந்தங்களில் இடம்பெற்றது. 1970-களில் அந்த ஆலைகள் அரசுடைமையாகும்வரை இது சர்ச்சைக்குரிய பொருளாகவே இருந்தது.

இத்தனை அதிகாரம் ஒரு சிலரிடம் குவிவதை விமர்சித்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். அணுசக்தி மசோதா 1948 ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபையில் வந்தபோதே, ஆராய்ச்சிக்கு இவ்வளவு ரகசியம் எதற்கு என்று எஸ்.வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் கேள்வி எழுப்பினார். 1952 தேர்தலில் கொல்கத்தாவிலிருந்து சுயேச்சையாக வென்று மக்களவைக்கு வந்த மேகநாத் சாஹா, 1954-இல் அணுசக்தி பற்றிய விவாதத்தில் அரசின் போக்கைக் கடுமையாகச் சாடினார். ஆராய்ச்சியும் கற்பித்தலும் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும். பல்கலைக்கழகங்களைப் பட்டினி போட்டுவிட்டுத் தனி ஆய்வகங்கள் கட்டினால், நாளைய விஞ்ஞானிகள் எங்கிருந்து வருவார்கள் என்பது சாஹாவின் வாதம்.

சர் சி.வி. ராமனோ வேறொரு கோணத்தில் தாக்கினார். தம் பெயரால் வழங்கும் இயற்பியல் விளைவைப் போலவே, நாடெங்கும் ஆய்வகங்கள் முளைப்பதற்கும் நேரு, பட்நாகர் ஆகிய இருவர் பெயரையும் இணைத்து ஒரு விளைவாகப் பெயரிட்டுக் கேலி செய்தார். பெரிய கட்டடங்களும் விலையுயர்ந்த கருவிகளும் அறிவியல் ஆகிவிடா என்பது அவரது நிலைப்பாடு. அரசு நிதியைச் சாராமல் பெங்களூரில் தமது ஆய்வு நிலையத்தை அவர் நடத்தினார்.

இந்த விமர்சனங்களில் உண்மை இல்லாமல் இல்லை. பட்நாகரே ஒரு பல்கலைக்கழகத்தில் உருவானவர். அவரது காந்தத் தராசும், எண்ணெய்க் கிணற்றுத் தீர்வும் அரசு ஆய்வகத்தில் பிறந்தவை அல்ல. கொடையாளர் கிடைத்த இடத்தில் ஆய்வகம் என்ற முறையில், தேவையைவிட வாய்ப்பே இடத்தைத் தீர்மானித்ததும் உண்டு. அதே வேளையில், அன்றைய நிலையில் தொழிற்சாலைகளுக்கு அருகில் நின்று, அவற்றின் அன்றாடச் சிக்கலை எடுத்துக்கொள்ளும் அமைப்பு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பெரிய அளவில் இல்லை. காத்திருக்க நாட்டுக்கு நேரமும் இல்லை. நேரு ஏற்றுக்கொண்ட வாதம் இதுவே.

கடைசி இரு பொறுப்புகள்

பட்நாகரின் கடைசிப் பணிகள் இரண்டும் இந்தக் குறைகளை அவரும் உணர்ந்திருந்தார் என்று கருத இடமளிக்கின்றன. ஆய்வகத்தில் கண்டதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்ல, தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் 1953 இறுதியில் நிறுவப்பட்டது. அதற்கு முன்னின்றவர் பட்நாகர். அதே ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி கல்வி அமைச்சர் மௌலானா ஆஸாத் தொடங்கிவைத்த பல்கலைக்கழக மானியக் குழுவின் முதல் தலைவரும் அவர்தான். பல்கலைக்கழகங்களைப் புறக்கணித்தவர் என்று குற்றம் சாட்டப்பட்டவரிடமே அவற்றுக்குப் பணம் பகிரும் பொறுப்பு வந்து சேர்ந்தது. ஆனால், அதை நடத்திக்காட்ட ஓராண்டுக் காலமே வாய்த்தது.

1954-இல் பத்மபூஷண் விருது பெற்ற பட்நாகர், 1955 ஜனவரி 1-ஆம் தேதி தில்லியில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 60. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சாஹாவும் தில்லியிலேயே, திட்டக் குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மரணமடைந்தார்.

பட்நாகர் பெயரிலான விருது 1958 முதல் இளம் விஞ்ஞானிகளுக்கு வழங்கப்பட்டது. 2023-இல் அறிவிக்கப்பட்ட தேசிய அறிவியல் விருதுத் திட்டத்தில், இளம் விஞ்ஞானிகளுக்கான பிரிவு அவர் பெயரைத் தாங்கியுள்ளது. ஆனால், சாதாரண வாக்காளரைத் தொடும் நினைவுச் சின்னம் வேறொன்று. 1962 பொதுத் தேர்தல் முதல் வாக்காளர் விரலில் வைக்கப்படும் அழியாத மை, அவர் அமைத்த தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உருவானது. தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகத்தின் உரிமத்துடன் மைசூரில் உள்ள கர்நாடக அரசு நிறுவனம் அதைத் தயாரிக்கிறது. ஆய்வகம், உரிமம் வழங்கும் கழகம், தொழிற்சாலை என்ற அவரது வரைபடம் முழுமையாக நிறைவேறியதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அந்த வரைபடம் எல்லா இடங்களிலும் இவ்வளவு நேர்த்தியாகச் செயல்படவில்லை என்பதற்கு நாடாளுமன்றமே சாட்சி. 2023 ஆகஸ்டில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தை இரு அவைகளும் நிறைவேற்றின. பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் ஆராய்ச்சியை வளர்ப்பதே அதன் முக்கிய நோக்கமாகக் கூறப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு ரூ. 50,000 கோடி என மதிப்பிடப்பட்ட நிதியில், பெரும்பகுதி அரசு அல்லாத வழிகளில் திரட்டப்பட வேண்டும் என்பதே திட்டம். சாஹா கேட்டது பல்கலைக்கழகங்களுக்கான பங்கு. பட்நாகர் லாகூரில் செய்துகாட்டியது தொழில் துறையின் பணத்தைப் பல்கலைக்கழகத்துக்குத் திருப்பிவிடுவது. இருவரின் வழியும் ஒரே சட்டத்தில் இணைந்திருக்கின்றன.

தொழில் நிறுவனங்கள் தாமாக முன்வந்து அந்தப் பணத்தைத் தருமா என்பதுதான் கேள்வி. எண்ணெய்க் கிணற்றில் இறுகிய சேற்றை இளக்கிக் காட்டிய பிறகே ஸ்டீல் பிரதர்ஸ் பணம் தந்தது. புதிய அறக்கட்டளையின் கணக்கு ஆண்டுதோறும் அவையின் முன் வைக்கப்படும்போது, அரசு அல்லாத வழிகளில் எவ்வளவு வந்தது, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு எவ்வளவு சென்றது என்ற இரண்டு எண்களையும் உறுப்பினர்கள் கேட்டுப் பெற வேண்டும்.